நாலேகால் பஸ்ஸும் மேகம் மேய்ந்த ஆடும்

அந்த ஆடு மேகத்தின் மேல் முதல் காலை வைத்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை என்றால் இப்படித்தான். திருத்தங்கல் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாடி முடித்து, முகம் கழுவி, வந்து உட்காரும்போது மூன்று ஐம்பது ஆகிவிடும். மாரிசெல்வி டீச்சர் நீல நோட்டைத் திறந்து கதை வாசிப்பார். நாலு பத்துக்கு மணி அடிக்கும். மணி அடித்தாலும் கதை நிற்காது, நாலரை வரை ஓடும்.

வகுப்பில் நாற்பது பேர். மணி அடித்ததும் முப்பத்திரண்டு பேர் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். எட்டுப் பேர் மட்டும் எழுந்துவிடுவார்கள். பெஞ்சு கரகரக்கும், பை இடிபடும், யாருடைய தண்ணீர் பாட்டிலாவது உருண்டு ஓடும்.

அந்த எட்டுப் பேரும் ஆமத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். நாலேகால் டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான். வாசல் வரை போய், கழுத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் ஒரு வரி கேட்பார்கள். அப்புறம் ஓடிவிடுவார்கள்.

ஹர்ஷினிக்கு இதெல்லாம் கண்ணில் பட்டதே இல்லை. அவள் அந்த நேரம் மேகத்தில் இருப்பாள்.

ஜன்னல் ஓரம் அவள் இடம். கன்னத்தில் கை வைத்துவிட்டாள் என்றால் ஆள் ஊரில் இல்லை என்று அர்த்தம். கணக்குப் பாடத்தில் ஒரு நாள் டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட, "மழை வருது டீச்சர்" என்று எழுந்து நின்றவள் அவள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"ஏ கனவு கம்பெனி! கீழ எறங்கு!" என்று மாரீஸ்வரன் கத்துவான். ஹர்ஷினி சிரித்துக்கொண்டே இறங்கி வருவாள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

கனவு கம்பெனியாக இருந்தாலும் அவள் வகுப்புச் சபை உறுப்பினர். சும்மா இல்லை.

வகுப்புச் சபையில் ஐந்து இடம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தேர்தல். எப்போது விளையாட்டு, எப்போது கதை, எந்தச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று எல்லாவற்றையும் சபைதான் முடிவு செய்யும். உறுப்பினர்களுக்கு மஞ்சள் நிறத்தில் வட்டமான பேட்ஜ் உண்டு. ஹர்ஷினி அதைத் தினமும் பாவாடை ஓரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கித்தான் குத்திக்கொள்வாள்.

ஐந்து பேருமே ராக்கெட் அணி. அந்த அணியைத் தொடங்கியவன் மாரீஸ்வரன். அவன் அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனி, அதனால் அவனுக்கு எதற்கெடுத்தாலும் ராக்கெட்தான். ஹர்ஷினியை அணியில் சேர்த்ததற்கும் காரணம் இருந்தது. அவள் அப்பா ராஜபாண்டியன் அச்சகம் வைத்திருந்தார். மிச்சத் தாளில் நாலு கலரில் நோட்டீஸ் வந்தது. சீறிப் போகும் ராக்கெட், அதன் கீழே ஐந்து பெயர்கள். ஐந்தாவது பெயர் ஹர்ஷினி.

ஓட்டுச் சீட்டில் ஆளுக்கு ஐந்து பெயர் வரை எழுதலாம். நோட்டீஸில் ஐந்து பெயர் இருந்தது. வேலை சுலபமாக முடிந்தது.

அடுத்த தேர்தலுக்கு இன்னும் இரண்டரை வாரம் இருந்தது.

*

அந்த வெள்ளிக்கிழமை ஹர்ஷினியும் மணி அடித்ததும் எழுந்தாள். ஆமத்தூரில் சித்தி வீட்டுக் குழந்தைக்கு மறுநாள் காது குத்து. அம்மா காலையிலேயே போய்விட்டார். "சாயங்காலம் ராமுத்தாயோட பஸ்ஸுல வந்துரு" என்று சொல்லியிருந்தார்.

ராமுத்தாய் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. ஒல்லியான பெண், மெதுவாகத்தான் பேசுவாள்.

"ஆடு இன்னொரு காலை எடுத்து..." என்று டீச்சர் வாசித்துக்கொண்டிருந்தார். ஹர்ஷினி வாசலில் நின்றுவிட்டாள். அந்தக் கால் எங்கே போய் விழுந்தது என்று தெரிந்தாக வேண்டும் போல இருந்தது.

"வா புள்ள, பஸ்ஸு போயிரும்" என்று ராமுத்தாய் கையைப் பிடித்து இழுத்தாள்.

பஸ் பிடித்து, கடைசி இருக்கைக்கு முன்னால் ஒன்பது பேரும் ஒருவர் மேல் ஒருவர் உட்கார்ந்த பிறகுதான் ஹர்ஷினிக்கு மூச்சு வந்தது. ஜன்னலுக்கு வெளியே கருவேல மரங்கள் பின்னால் ஓடின. தூரத்தில் பட்டாசு ஷெட்டுகள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதது போலத் தள்ளித் தள்ளி நின்றன. அவற்றுக்கு மேலே ஒரே ஒரு மேகம், வெள்ளை வெளேரென்று.

"சரி, ஆரம்பிங்கலே" என்றான் பலவேசம். அவன்தான் எட்டுப் பேரில் உயரம். "ஆடு மேகத்து மேல ஏறிருச்சு. அங்கிட்டு என்ன செஞ்சுச்சு?"

ஹர்ஷினி விழித்தாள். "மிச்சக் கத ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் நாங்களே செஞ்சுக்கிருதோம்" என்றாள் ராமுத்தாய். "மூணு மாசமா இப்படித்தான். டீச்சர் பாதி, நாங்க பாதி."

"ஆடு மேகத்தத் தின்னுருச்சு!" என்றான் பலவேசம்.

"மேகத்த எப்படித் திங்கும்?" என்று ஹர்ஷினி கேட்டாள்.

"ஆடு என்னத்தத்தான் திங்காது? எங்க வீட்டு ஆடு எங்கய்யா வேட்டியவே தின்னுச்சு. அவரு துண்டக் கட்டிக்கிட்டு மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாரு."

பஸ்ஸே சிரித்தது. ராமுத்தாய் மட்டும் ஜன்னல் வழியாக அந்த ஒற்றை மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"தின்ன பெறகு ஆட்டு வயித்துக்குள்ள மழை பெய்ய ஆரம்பிச்சிருச்சு. அது நடக்கையில குளுகுளுன்னு சத்தம் கேக்கும். ஆடு ராத்திரி படுத்துக் கண்ண மூடுனா, வயித்துக்குள்ள தவள கத்தும்."

பஸ்ஸின் இரைச்சலுக்குள் ஹர்ஷினிக்கு அந்தத் தவளைச் சத்தம் நிஜமாகவே கேட்டது.

"ஏம்மா, அப்புறம் அந்த ஆடு என்னாச்சு?" என்றது ஒரு குரல். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர், கிழிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"அடுத்த வாரம்ணே" என்றாள் ராமுத்தாய்.

ஹர்ஷினிக்கு ஒரு பக்கம் ஆசையாகவும் ஒரு பக்கம் என்னவோ போலவும் இருந்தது. "நேரத்த மாத்தச் சொல்லி நீங்க கேக்கலாம்ல?" என்றாள்.

"கேட்டேனே. கதைய மொதல்ல வச்சிட்டு வெளையாட்டப் பின்னால வைங்கன்னு. பஸ்ஸுக்கு நாங்க ஓடுனா கபடிக்குப் பாதியில ஆளு கொறஞ்சுரும்னுட்டாக. அதுவும் நெசந்தான். அதுக்காகத்தான் போன தேர்தல்ல நின்னேன். சபைக்குள்ள இருந்தா பேசி ஏதாச்சும் வழி பண்ணலாம்ல."

ஹர்ஷினிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கரும்பலகையில் ஐந்து ராக்கெட் பெயர்களுக்குக் கீழே ஆறாவதாக ஒரு பெயர் இருந்தது. எந்த அணியிலும் சேராததால் டீச்சர் பக்கத்தில் 'சுயேச்சை' என்று எழுதியிருந்தார்.

"நீ ஏன் ராக்கெட்ல சேரல?"

"சேந்துக்கோன்னு மாரீஸ்வரன் சொன்னான். ஆறாவது ஆளா. அஞ்சு எடந்தான இருக்குன்னேன். அதான்னு சொல்லிச் சிரிச்சான்." ராமுத்தாயும் சிரித்தாள். "எனக்கு எட்டு ஓட்டு. எண்ணி எடுத்தாப்புல. ஒனக்கு முப்பத்தொண்ணு."

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பஸ் நம்பரைச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனாலும் ஹர்ஷினிக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால் இன்னொன்றும் ஞாபகம் வந்துவிட்டது. முதல் சபைக் கூட்டத்தில், "கதை நேரம் எல்லாருக்கும் சரிதானே?" என்று டீச்சர் கேட்டார். ஐந்து பேரும் "சரி டீச்சர்" என்றார்கள். ஹர்ஷினியும் சொன்னாள். அப்போது அவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு பட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

காது குத்து முடிந்து, சனிக்கிழமை மதியம் திருத்தங்கலுக்குத் திரும்பியதும் ஹர்ஷினி நேரே அச்சகத்துக்குப் போனாள். யோசிப்பதற்கு அவளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மை வாசனை, மெஷினின் தடக் தடக் சத்தம், அடுக்கடுக்காகத் தாள்கள். மஞ்சள் மட்டும் ஏறிய தாளில் மயில்கள் மஞ்சளாக நின்றன. நீலம் ஏறும் வரை அவை இன்னும் முழு மயில் இல்லை.

அப்பா ஒரு பெரிய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாசு டப்பாக்களில் ஒட்டும் லேபிள்கள். ஒரே தாளில் எட்டுக் கட்டம். ஐந்து கட்டத்தில் பூச்சட்டி. இரண்டு கட்டத்தில் சங்குசக்கரம். ஓரத்தில் ஒரே ஒரு கட்டத்தில் கறுப்பாக நெளியும் பாம்பு மாத்திரை.

"அப்பா, ஏன் இப்படி மூணையும் கலந்து அடிக்கிறீக?"

"ஆர்டர் அப்படித்தான். பூச்சட்டிக் கம்பெனிக்கு அம்பதாயிரம் லேபிள், அதுக்கு அஞ்சு கட்டம். சக்கரத்துக்கு இருவதாயிரம், ரெண்டு கட்டம். பாம்பு மாத்திரை மல்லாங்கிணறு பக்கத்துல சின்னக் கம்பெனி, பத்தாயிரந்தான். அவுகளுக்கு ஒரு கட்டம். பத்தாயிரம் தாள் ஓட்டுனா எல்லாம் ஒண்ணுபோல முடிஞ்சுரும்."

"எட்டுக் கட்டத்தையும் பெரிய கம்பெனிக்கே குடுத்தா என்ன?"

"குடுக்கலாம். பாம்பு மாத்திரைக்காரவுக டப்பாவுல என்னத்த ஒட்டுவாக?" என்று கேட்டுவிட்டு அப்பா மெஷின் பக்கம் போய்விட்டார். ஆர்டர் அவசரம் அவருக்கு.

ஹர்ஷினி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்துக்குக் கை போனது. தாள் மெல்ல மெல்ல வகுப்பறையாக மாறியது. கட்டங்கள் நாற்காலிகளாயின. ஐந்து நாற்காலியிலும் பூச்சட்டிகள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. சின்னப் பாம்பு ஒன்று பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தது.

"எங்க தாள்ல பத்தாயிரத்துக்கு ஒரு கட்டம். எங்க வகுப்புல?" என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். நாற்பது பேர். ஐந்து நாற்காலி. எட்டுப் பேருக்கு ஒன்று.

எட்டுப் பேர்!

அவள் ஓடிப்போய் எதிர் வீட்டுத் தீப்பெட்டிக் கம்பெனியில் ஒரு கட்டுக் குச்சி கேட்டு வாங்கி வந்தாள். மருந்து வைக்காத வெறும் குச்சி. ஆறு காலித் தீப்பெட்டிகளைத் தரையில் வரிசையாக வைத்தாள். ஐந்து ராக்கெட்டுக்கு, ஒன்று ராமுத்தாய்க்கு.

முதலில் பழைய முறை. ஆளுக்கு ஐந்து ஓட்டு. உள்ளூர்ப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் நோட்டீஸைப் பார்த்துப் போட்டால், ராக்கெட் பெட்டி ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டு குச்சி. ராமுத்தாய் பெட்டியில் எட்டு. அந்த எட்டுப் பேர் தலைகீழாக நின்றாலும் நடக்காது. ஒவ்வொரு தேர்தலிலும் இதேதான்.

அடுத்தது அவள் யோசித்த முறை. ஐந்து இடம் இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு, ஒரே பெயர். ராமுத்தாய் பெட்டியில் எட்டுக் குச்சியைப் போட்டாள். மிச்சம் முப்பத்திரண்டு. அதை ஐந்து பெட்டிக்கும் பிரித்தாள். ஏழு, ஏழு, ஆறு, ஆறு, ஆறு. கலைத்துவிட்டு வேறு மாதிரி பிரித்தாள். எப்படிப் பிரித்தாலும் ஏதாவது ஒரு ராக்கெட் பெட்டியில் எட்டுக்குக் குறைவாகத்தான் வந்தது. ராமுத்தாய்க்கு இடம் உறுதி.

ஹர்ஷினிக்குச் சந்தோஷத்தில் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டப் போனவள் பாதியில் நிறுத்தினாள்.

ராமுத்தாய் உள்ளே வந்தால் ராக்கெட்டில் ஒரு ஆள் வெளியே போக வேண்டும். யார் அது? மாரீஸ்வரன் கபடிக் கேப்டன், அவனுக்கு ஓட்டுக் கொட்டும். விக்னேஷ்குமாருக்குச் சைக்கிள் கூட்டாளிகள் நிறைய. மற்ற இருவரும் கலகலப்பானவர்கள். ஐந்தாவது பெயர்தான் பாக்கி.

அவள் கை தானாகப் பைக்குள் போய்ப் பேட்ஜைத் தொட்டது. அவளுக்கு அந்தப் பேட்ஜ் மேல் அவ்வளவு ஆசை.

*

திங்கட்கிழமை காலை, பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பாண்டிமீனாவிடம் கேட்டாள். "போன தடவ எனக்கு ஏன் ஓட்டுப் போட்ட?"

பாண்டிமீனா ஒளிவுமறைவு தெரியாத பெண். "நோட்டீஸுல ஒம் பேரு இருந்துச்சு. பாத்து எழுதுனேன்" என்றாள்.

"நான் நல்லாப் பண்ணுவேன்னு நெனச்சா?"

"அதெல்லாம் நெனைக்கல. அஞ்சு எடத்த நெரப்பணும்ல!"

ஹர்ஷினிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

மதியம் சபைக் கூட்டம். ஐந்து பேரும் டீச்சரும் மட்டும். ஹர்ஷினி தீப்பெட்டிகளையும் குச்சிகளையும் மேசையில் பரப்பி எல்லாவற்றையும் செய்து காட்டினாள். சபையில் அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

மாரீஸ்வரன் குதித்தான். "அஞ்சு ஓட்டு இருக்கதப் போயி ஒண்ணாக்கச் சொல்லுத! நாலு ஓட்டு நட்டமில்ல? டீச்சர், இவ இன்னும் மேகத்துல இருந்து எறங்கல!"

டீச்சர் எந்தப் பக்கமும் பேசவில்லை. "விதியை மாத்துறதா இருந்தா சபையில மூணு பேர் கை தூக்கணும். அதுதான் முறை. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார்.

இப்போது கேட்டால் ஒரே ஒரு கைதான் உயரும் என்று ஹர்ஷினிக்குத் தெரிந்தது. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, கை தூக்க வேணாம். கதை நேரத்த வச்சது நம்ம அஞ்சு பேருதான? வர்ற வெள்ளிக்கெழம மணி அடிச்சதும் நாம அஞ்சு பேரும் எந்திரிச்சு, அவுகளோட பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டு வருவோம். ஒரே ஒரு தடவ. அப்புறமா கை தூக்குறதப் பாப்போம்."

"இம்புட்டுத்தானா? இதுல என்ன இருக்கு! போயிட்டு வந்தாப் போச்சு" என்றான் மாரீஸ்வரன்.

*

வெள்ளிக்கிழமை வந்தது. ஆடு மேகத்தின் மேல் வெகுதூரம் நடந்து போயிருந்தது. நடக்க நடக்க ஒரு வீடு தெரிந்தது. பனியால் கட்டிய வீடு. அதற்கு ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் யாரோ தும்முகிற சத்தம்.

"ஆடு கொம்பால் கதவை மெல்லத் தள்ளியது" என்று டீச்சர் வாசித்தார்.

டணார் டணார் என்று மணி அடித்தது.

எட்டுப் பேர் பழக்கப்படி எழுந்தார்கள். ஹர்ஷினி எழுந்தாள். விக்னேஷ்குமாரும் மற்ற இருவரும் அரை மனதாக எழுந்தார்கள். மாரீஸ்வரன் எழவில்லை.

"ஏலே, வாலே" என்றான் விக்னேஷ்குமார்.

"இருலே! உள்ள யாரு தும்முனதுன்னு கேட்டுட்டு வாரேன்!"

"பஸ்ஸு போயிரும்" என்றாள் ராமுத்தாய். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. வாரா வாரம் சொல்வதுதான்.

மாரீஸ்வரன் எழுந்து வாசலைத் தாண்டினான். ஆனால் பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு காதை உள்ளே நீட்டினான். உள்ளே மின்விசிறி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று வகுப்பு முழுக்கச் சிரித்தது. எதற்கு என்று தெரியவில்லை. அவன் முகம் வாடிப்போனது.

"எதுக்குச் சிரிக்காக? சொல்லுங்களேன்!" என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சினான். யாரும் திரும்பக்கூட இல்லை. எல்லாரும் பனிவீட்டுக்குள் போயிருந்தார்கள்.

பலவேசம் அவன் தோளில் தட்டினான். "வாலே. கதவுக்குப் பின்னால யாருன்னு நாங்க சொல்லுதோம். போற வழிக்குத்தான் கத."

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் பதின்மூன்று பேர் நடந்தார்கள். தும்மியது மழைக்கிழவன் என்று பலவேசம் சொன்னான். இல்லை, விருதுநகருக்கு வழி தெரியாமல் அழுது அழுது சளிப் பிடித்த ஒரு குட்டி மழை என்று ராமுத்தாய் சொன்னாள். பஸ் வந்தது. எட்டுப் பேர் ஏறினார்கள். கதை பஸ்ஸோடு போய்விட்டது.

மாரீஸ்வரன் புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அங்கனயும் பாதி, இங்கனயும் பாதி" என்றான். புழுதி அடங்கியதும், "நமக்கு ஒரு நாளுதான். அவுகளுக்கு மூணு மாசமால்ல?" என்றான்.

"பேசாம கதை நேரத்த நாமளே மாத்திருவோம். ஓட்டு முறைய எதுக்கு மாத்தணும்?" என்றான் விக்னேஷ்குமார்.

"எந்த நேரத்துக்கு மாத்துவ?" என்று ஹர்ஷினி கேட்டாள்.

விக்னேஷ்குமார் யோசித்தான். மூணு மணியா, நாலு மணியா என்று விரல் மடக்கிப் பார்த்துக் கையை விரித்தான்.

"பாத்தியா, நமக்குத் தெரியல. இது ஒண்ணு மட்டும் இல்ல. நாளைக்கு வேற ஒண்ணு வரும். ஒவ்வொண்ணுக்கும் நாம பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்து வந்தா தெரிஞ்சுக்கிருவோம்? அவுகள்ல ஒரு ஆளு உள்ள இருந்தா நம்மகிட்டயே சொல்லிருவாகல்ல?"

திங்கட்கிழமை சபையில் டீச்சர் கேட்டபோது முதலில் உயர்ந்தது மாரீஸ்வரன் கை. "நாலு ஓட்டு போனாப் போகுது டீச்சர்" என்றான். விக்னேஷ்குமாரும் தூக்கினான். ஹர்ஷினி கையைத் தூக்கும்போது பேட்ஜ் மினுங்கியது. அவள் அதைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டாள்.

*

இந்தத் தடவை யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை. ஒரே ஒரு பெயர் எழுதுவதற்கு எதற்கு நோட்டீஸ்? ராக்கெட் அணி என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆறு பேரும் தனித்தனியாக முன்னால் வந்து, என்ன செய்வோம் என்று ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினார்கள்.

"நான் சன்னலுக்கு வெளிய பாக்குறதக் கொறச்சுக்கிருவேன்" என்று ஹர்ஷினி சொன்னாள். வகுப்பு சிரித்தது. "முழுசா விட மாட்டேன்" என்று உண்மையையும் சொல்லிவிட்டாள்.

ஓட்டுப் போடும்போது எல்லாருமே பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்கள். பாண்டிமீனா கூட யோசித்தாள். ஹர்ஷினி மட்டும் யோசிக்கவில்லை. சீட்டில் 'ராமுத்தாய்' என்று எழுதி நாலாக மடித்துப் போட்டாள்.

டீச்சர் எண்ணிக் கரும்பலகையில் எழுதினார். மாரீஸ்வரன் பத்து. ராமுத்தாய் ஒன்பது. விக்னேஷ்குமார் ஏழு. அடுத்த இருவர் ஆறு, ஐந்து. கடைசியில் ஹர்ஷினி மூன்று.

நினைத்தது போலவே நடந்தது. ஆனாலும் ஹர்ஷினிக்குக் கண் கலங்கத்தான் செய்தது. பேட்ஜைக் கழற்றினாள். தன் பாவாடை ஓரத்தில் கடைசியாக ஒரு தடவை தேய்த்துவிட்டு, ராமுத்தாயின் சட்டையில் தானே குத்திவிட்டாள்.

"எனக்கு எட்டுத்தான வரணும்? ஒன்பதாவது யாரு?" என்று ராமுத்தாய் மெதுவாகக் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்?" என்று ஹர்ஷினி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்தாள். போன தடவை முப்பத்தொன்று. அது நோட்டீஸுக்கு விழுந்த ஓட்டு. இந்த மூன்றும் அவளுக்கே அவளுக்கு. நாற்பது பேரில் மூன்று பேர் பென்சிலைக் கடித்து யோசித்து அவள் பெயரை எழுதியிருக்கிறார்கள். யார் அந்த மூன்று பேர்? பாண்டிமீனா எங்கேயோ பார்ப்பது போல உட்கார்ந்திருந்தாள். அவள் காது சிவந்திருந்தது.

*

புதிய சபை கூடிய முதல் நாளே ராமுத்தாய் எழுந்து நின்றாள்.

"மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு மணி அடிக்க அரை மணி நேரம் சும்மாத்தான கெடக்கோம்? வெள்ளிக்கெழம அப்பக் கத வச்சா என்ன? கபடியும் சாயங்காலம் இருக்கும், பஸ்ஸும் போகாது."

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது ஏன்லே நமக்குத் தோணல?" என்றான் மாரீஸ்வரன்.

"நமக்குத் தேவப்படல, அதான்" என்றான் விக்னேஷ்குமார்.

ஐந்து கைகளும் உயர்ந்தன.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், சாம்பார் சாத வாசனை போவதற்குள் நாற்பது பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் நீல நோட்டைத் திறந்தார். பனிவீடு, தும்மல், கதவு எல்லாவற்றையும் முதலில் இருந்து வாசித்தார். எட்டுப் பேரும் வாய் திறந்து கேட்டார்கள். ஆடு கதவைத் திறந்து உள்ளே போனது. கதை அதற்கு மேல் போனது. இன்னும் மேலே போனது. பிறகு டீச்சர் நோட்டை மூடிவிட்டார்.

"அப்புறம் டீச்சர்?"

டீச்சர் லேசாக அசடு வழிந்தார். "வாரா வாரம் வியாழக்கிழமைதான் இதை எழுதுறேன். முடிவு என்னன்னு எனக்கே இன்னும் தெரியாது."

"எங்களுக்குத் தெரியும்!" என்று பலவேசம் துள்ளி எழுந்தான். "ராமுத்தாயி, சொல்லு!"

ராமுத்தாய் முன்னால் வந்து நின்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் மின்விசிறியை மாரீஸ்வரன் ஓடிப்போய் நிறுத்திவிட்டான்.

"ஆடு மேகத்தத் தின்னுட்டு ஊருக்கு வந்துச்சு. அது எங்க நடந்தாலும் வயித்துக்குள்ள மழச் சத்தம். ஊரே பின்னாலயே நடந்துச்சு. வாய் வழியா வருமா, கண்ணு வழியா வருமான்னு எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தாக. ஆடு கம்மாக்கரையில ஏறி நின்னுச்சு. ஒடம்ப ஒரே ஒரு சிலுப்பு சிலுப்புச்சு. அம்புட்டு ரோமத்துல இருந்தும் மழ தெறிச்சுச்சு. பெரிய வெள்ளாமக் காட்டுலயும் விழுந்துச்சு, சின்னக் காட்டுலயும் விழுந்துச்சு. கம்மா நெறைஞ்சுச்சு. வயித்துக்குள்ள இருந்த தவளையும் வெளிய குதிச்சு, கம்மாய்க்குப் போயிருச்சு."

ஹர்ஷினி கன்னத்தில் கை வைத்திருந்தாள். அவள் முகத்தில் சாரல் அடித்தது.

மணி அடித்தது. மதிய இடைவேளை முடிந்த மணி.

பழக்க தோஷத்தில் எட்டுப் பேரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே மறுபடியும் உட்கார்ந்தார்கள்.